கேனன் 85 எம்எம் எஃப் 1.8: கச்சேரி படம் எடுக்குறவன் ஒன்றரை வருஷம் கழிச்சு எழுதுற ரிவ்யூ

சிங்கப்பூர் பென்னின்சுலா ஷாப்பிங் சென்டர்ல இருந்து இந்த லென்ஸ தூக்கிட்டு வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. வாங்குன வாரமே எழுதியிருந்தா "செம ஷார்ப்பு, கண்ண மூடிட்டு வாங்குங்க"ன்னு நாலு வரி போட்டு முடிச்சிருப்பேன், அது பொய் இல்ல, ஆனா யாருக்கும் பிரயோஜனமும் இல்ல. இப்ப இதுல நாப்பது அம்பது கச்சேரி எடுத்தாச்சு, அதுல பாதி சொதப்பியாச்சு, அதனால கொஞ்சம் நிதானமா எழுதுறேன், நீளமா போகும், கோப்பி வாங்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். பகல்ல ஆபீஸ் வேலை, சனி ஞாயிறு கர்நாடக கச்சேரி, அரங்கேற்றம், கோயில் நாதஸ்வரம், எப்பயாச்சும் நம்ம பசங்க பேண்ட் ஷோ, இதெல்லாம் படம் எடுக்குறது. கல்யாணம் எடுக்க மாட்டேன், கேக்காதீங்க. சின்ன வயசுல ரெண்டு வருஷம் மிருதங்கம் கிளாஸ் போனேன், "தா தி தோம் நம்" தாண்டி ரொம்ப தூரம் போகல, அம்மா கட்டுன ஃபீஸ் வீண்னு வீட்ல இன்னிக்கும் சொல்லுவாங்க. வீண் இல்லம்மா, அந்த ரெண்டு வருஷத்துக்கு இப்பதான் வேலை வந்திருக்கு, அது எப்படின்னு கீழ வரும்.

லென்ஸ் கதை. கேனன் ஈஎஃப் 85 எம்எம் எஃப் 1.8 யூஎஸ்எம், 1992-ல வந்தது. என் ஆபீஸ்ல சில பேரு அதுக்கப்புறம் தான் பொறந்தாங்க. இத நான் கேனன் ஆர்6 கேமரா பாடில, பழைய லென்ஸ் நேரா மாட்டாதுங்கிறதால, அடாப்டர் போட்டு மாட்டுறேன். லென்ஸ் 425 கிராம், அடாப்டர் 110 கிராம், பாடி பேட்டரியோட 680, ஆக மொத்தம் 1,215 கிராம். இத ஏன் கூட்டி சொல்றேன்னா, கச்சேரி போட்டோகிராஃபர்னாலே எல்லார் கையிலயும் இருக்குற அந்த வெள்ளை கலர் 70-200 எஃப் 2.8 சூம் லென்ஸ், அதோட பழைய ரெண்டாவது மாடல் லென்ஸ் மட்டுமே 1,490 கிராம். ரெண்டரை மணி நேரம் கச்சேரி, மூணாவது வரிசையில ஒரு பாட்டிக்கு பக்கத்துல உக்காந்துகிட்டு அந்த பீரங்கிய தூக்கி புடிச்சா பாட்டி மொறைக்கிற மொறைப்புல ஃபோகஸே போயிடும்.

இதுக்கு முன்னாடி ஒரு தடவ ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட இதே லென்ஸ வாங்கி ஏமாந்திருக்கேன். எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் கேட்ல நின்னு அவசரமா வாங்கினேன், வீட்டுக்கு வந்து டார்ச் அடிச்சு பாத்தா உள்ள சிலந்தி வலை மாதிரி நூல் நூலா ஃபங்கஸ். சிங்கப்பூர் ஈரப்பதத்துக்கு இது சகஜம், ஆனா சொல்லி வித்திருக்கலாம்ல. அதனால ரெண்டாவது தடவ நேரா கடைக்கே போயிட்டேன். அங்க இருந்த சீன அங்கிள் அவரே டார்ச்ச எடுத்து குடுத்து "செக் பண்ணு, செக் பண்ணு, பிறகு வந்து என்கிட்ட கம்ப்ளெய்ன் பண்ணாதே லா"ன்னாரு. முன் கண்ணாடி, பின் கண்ணாடி, அபெர்ச்சர் பிளேடுல எண்ணெய் கசிவு இருக்கா, ஃபோகஸ் ரிங் மண்ணு மாதிரி நறநறங்குதா, எல்லாம் பாத்தேன். 310 வெள்ளி. ஹுட், அதான் லென்ஸ் முன்னாடி மாட்டுற மறைப்பு, தனியா வாங்கணும், கேனன் இந்த லென்ஸோட ஹுட் குடுக்கறதில்ல, கஞ்சத்தனம். வீட்ல டிரை கேபினட் இல்லாம இந்த ஊர்ல எந்த லென்ஸும் வாங்காதீங்க, நான் 45 சதவீத ஈரப்பதத்துல வச்சிருக்கேன், அரிசி டப்பால போட்டு வைக்கிற ஐடியா எல்லாம் வேணாம், தூசி தான் மிஞ்சும்.

சரி, படம் எப்படி வருது.

முதல் கச்சேரி ஒரு சின்ன ஹால், நூறு நாற்காலி இருக்கும். மேடைல வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கஞ்சிரா. நான் போன உடனே வழக்கம்போல நடு பாதைல முட்டி போட்டு உக்காந்து டபடபன்னு எடுத்தேன். வீட்டுக்கு வந்து பாத்தா 600 படத்துல பாடகர் வாய்க்கு முன்னாடி மைக்கு, மைக்குக்கு முன்னாடி ஸ்டாண்டு. சூம் லென்ஸ்னா உக்காந்த இடத்துல இருந்தே இழுத்து தள்ளி ஏதாச்சும் தேத்திடலாம். இதுல முடியாது, 85-ன்னா 85 தான். நாலு மீட்டர்ல இருந்து எடுத்தா ஒரு ஆளு சம்மணம் போட்டு உக்காந்தா சரியா ஃபிரேம் நிறையும், ஆறு மீட்டருக்கு போனா பாடகரும் பக்கத்துல ஒருத்தரும் சேர்ந்து விழுவாங்க, அவ்ளோதான் சாய்ஸ். எங்க உக்காரணும்னு கச்சேரி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியாகணும்.

அதுக்கப்புறம் தான் நான் உருப்படியா யோசிக்கவே ஆரம்பிச்சேன். நம்ம கச்சேரில யாரு எங்க உக்காருவாங்கன்றது தற்செயல் இல்ல. பாடகருக்கு வலது கை பக்கம் மிருதங்கம், இடது பக்கம் வயலின், அப்ப தான் மிருதங்கத்தோட வலந்தலை, அதாவது வலது கை வாசிக்கிற பக்கம், சபைய பாத்து இருக்கும், சத்தம் நேரா நமக்கு வரும். இடது கைக்காரர் வாசிச்சா ரெண்டு பேரும் இடம் மாறிக்குவாங்க. இத போட்டோகிராஃபர் கணக்குல மாத்தி யோசிங்க. நாம மேடைய பாத்து உக்காந்தா மிருதங்கக்காரர் நமக்கு இடது பக்கம், அவரு பாடகர பாத்து திரும்பி இருப்பாரு, அப்ப அவர் முகம் வேணும்னா நாம சபையோட வலது ஓரத்துல இருக்கணும். எல்லா போட்டோகிராஃபரும் மிருதங்கத்துக்கு கிட்ட இருக்கணும்னு இடது ஓரத்துல போய் குவிஞ்சு முதுகையும் ஜிப்பாவையும் எடுத்துட்டு இருப்பாங்க. நான் வலது ஓரம், மூணாவது வரிசை. அங்க இருந்து பாத்தா பாடகருக்கும் மைக் வாய மறைக்காது, கன்னத்துக்கு பக்கத்துல போயிடும்.

இப்ப கச்சேரிக்கு முன்னாடி பக்கத்து காப்பிக்கடைல ஒரு டிஷ்யூல மேடைய வரைஞ்சு வச்சுக்குறேன். யாரு எங்க, லைட் எந்த பக்கம், பின்னாடி என்ன பேனர் தொங்குது. இந்த ஸ்பான்சர் பேனர் பத்தி தனியா ஒரு ரிவ்யூ எழுதணும். ஒரு அம்மா கண்ண மூடி தோடி ராகம் பாடிட்டு இருப்பாங்க, தலைக்கு மேல ஏதோ டியூஷன் சென்டர் போன் நம்பர். எஃப் 1.8-ல, அதாவது லென்ஸ் வாய முழுசா திறந்து வச்சா, அந்த பேனர் முழுசா கரைஞ்சு வெறும் கலரா போயிடுது பாருங்க, அதுக்கே இந்த 310 வெள்ளி செரிச்சிடும்.

ஆனா அதே கரைப்பு தான் பிரச்சனையும். மூணு மீட்டர்ல இருந்து எஃப் 2-ல எடுத்தா தெளிவா இருக்குற பகுதி ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் தான், ஒரு சாண் கூட இல்ல. கஞ்சிராக்காரர் முகம் ஷார்ப்பா இருக்கும், நீட்டி புடிச்சிருக்கிற கை புகையா போயிருக்கும். அஞ்சு மீட்டருக்கு தள்ளி வந்தா 40 சென்டிமீட்டர் கிடைக்கும், முகமும் கையும் ரெண்டும் தேறும். கிட்ட போக போக நல்ல படம்னு நெனச்சிட்டு இருந்தவன் நான், இந்த லென்ஸ் என்ன பின்னாடி தள்ளி உக்கார வச்சுது. எப்படியும் 0.85 மீட்டருக்கு கிட்ட போனா ஃபோகஸே ஆகாது, விரல் நகத்த குளோசப் எடுக்குறவங்களுக்கு இது ஆகாது.

ஒரே ஒரு தடவ கிட்ட போய் ஜெயிச்ச கதை. கஞ்சிரா வாசிக்கிறவங்க பக்கத்துல சின்ன கிண்ணத்துல தண்ணி வச்சிருப்பாங்க பாத்திருக்கீங்களா, சுருதி இறங்கறதுக்கு தோல்ல தண்ணி தொட்டு தடவுவாங்க. அன்னிக்கு மேடைக்கு பக்கவாட்டுல நிக்க விட்டாங்க. அவரு விரல் நுனிய நனைச்சு தோலுக்கு உள்பக்கம் ரெண்டு தட்டு தட்டினாரு, ஒரு சொட்டு விரல்ல இருந்து தொங்குச்சு, பின்னாடி இருந்த மஞ்சள் லைட் அந்த சொட்டுக்குள்ள போய் குட்டி பல்பு மாதிரி எரிஞ்சுது. அந்த சொட்டு மட்டும் தான் ஃபோகஸ்ல, மிச்சம் எல்லாம் வெண்ணெய். அது அவரு வாசிக்கவே ஆரம்பிக்காத நேரம். அவருக்கு அந்த படத்த அனுப்பினேன், "தம்பி, நான் எங்க?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி.

இனி முக்கியமான விஷயம், டைமிங்.

இசை நிகழ்ச்சி படம் எடுக்குற பலரும் பண்றது என்னன்னா ஷட்டர அமுக்கி புடிச்சு செகண்டுக்கு பன்னெண்டு படம், அப்புறம் வீட்ல உக்காந்து பொறுக்குறது. நானும் பண்ணேன். 2,000 படம் பொறுக்கி முடிக்கிறதுக்குள்ள அடுத்த கச்சேரி வந்துடும். அத விட்டதுக்கு காரணம் அந்த ரெண்டு வருஷ மிருதங்க கிளாஸ். தீர்மானம்னு ஒன்னு இருக்கு இல்லையா, ஒரே சொற்கட்டு மூணு தடவ வந்து சரியா இடத்துல போய் விழும். தாளம் போட தெரிஞ்சவனுக்கு அது எங்க விழப்போகுதுன்னு முன்கூட்டியே தெரியும். அதனால முதல் தடவ வரும்போது சும்மா கேப்பேன், ரெண்டாவது தடவ ஃபோகஸ் பண்ணி ஃபிரேம் செட் பண்ணுவேன், மூணாவது தடவ முடியற இடத்துல ஒரு படம். அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, அந்த கடைசி அடி விழற அதே நேரத்துல அமுக்கினா முகம் இறுகி போய் பல்ல கடிச்சிட்டு இருக்கும், பாக்க பல்லு வலி மாதிரி இருக்கும். விழுந்து அரை நொடி கழிச்சு, அப்பாடா சரியா வந்துடுச்சுன்னு ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அங்க தான் அமுக்கணும். தனி ஆவர்த்தனம், அதான் தாள வாத்தியம் மட்டும் தனியா வாசிக்கிற பகுதி, முடியுறப்ப நான் மிருதங்கத்த எடுக்குறதே இல்ல, தாளம் போட்டுட்டு இருக்கிற வயலின்காரர தான் எடுப்பேன், கணக்கு எங்க போகுதோன்னு கண்ண உருட்டிட்டு இருந்தவர் முகம் கோர்வை, அதான் அந்த கடைசி கணக்கு, விழுந்ததும் மலரும், வாசிச்சவர் முகத்த விட அதுல தான் வாசிப்பு தெரியும்.

இதுக்கும் லென்ஸுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, இருக்கு. ஃபோகஸ் பண்ற இந்த யூஎஸ்எம் மோட்டார் முப்பது வருஷத்துக்கு முந்தினதா இருந்தாலும் சட்டுனு புடிக்குது. ரெண்டாவது தடவைக்கும் மூணாவது தடவைக்கும் நடுவுல கிடைக்கிற கொஞ்ச நேரத்துல போய் உக்காந்துடும். நண்பர் ஒருத்தர் புது ஆர்எஃப் 85 எம்எம் எஃப் 2 மேக்ரோ வச்சிருக்காரு, 2020-ல வந்தது, 500 கிராம், கை நடுக்கத்த சமாளிக்கிற ஸ்டெபிலைசேஷன் இருக்கு, 0.35 மீட்டர் வரைக்கும் கிட்ட போலாம், காகிதத்துல பாத்தா எல்லாத்துலயும் அதான் மேல. ஒரு சாயந்திரம் மாத்தி வச்சு எடுத்து பாத்தேன், இருட்டு மேடைல ஃபோகஸ் முன்னாடியும் பின்னாடியும் போய் தேடிட்டே இருந்துச்சு, அது தேடி முடிக்கிறதுக்குள்ள பாடகர் பல்லவில இருந்து அனுபல்லவிக்கு போயிட்டாரு. ஆனா பூமாலை, வீணையோட மெட்டு, புல்லாங்குழல் துளைன்னு பொருள கிட்ட எடுக்குறவங்களுக்கு அதான் சரி.

ஆர்6-ல கண்ண தேடி புடிக்கிற வசதி இந்த பழைய லென்ஸ்லயும் அடாப்டர் வழியா வேலை செய்யுது, நல்லாவே செய்யுது, ஆனா சில நேரம் ரொம்ப பக்தியா செய்யுது. ஒரு தியாகராஜர் ஆராதனைல மேடைக்கு பின்னாடி பெரிய தியாகராஜர் படம் வச்சிருந்தாங்க. பாடகர் உருக்கமா கண்ண மூடிட்டாரு, கேமரா உடனே அவர விட்டுட்டு தியாகராஜர் கண்ண புடிச்சுகிச்சு. பதினஞ்சு படம். சுவாமிகள் அவ்ளோ தெளிவு, பாடுனவங்க எல்லாம் மூடுபனி. அதுல இருந்து கண்ண மூடிட்டு பாடுற ஆளுன்னா நானே புள்ளி வச்சு ஃபோகஸ் பண்ணிக்கிறேன்.

செட்டிங் கேக்குறவங்களுக்கு சுருக்கமா: எஃப் 2, ஐஎஸ்ஓ 3200-ல இருந்து 6400, வாய்ப்பாட்டுக்கு ஷட்டர் 1/250. மிருதங்க விரல் கொஞ்சம் அசைஞ்சு தெரியணும்னா 1/60, கடம் வாத்தியத்த தூக்கி போட்டு புடிக்கிறத நிறுத்தணும்னா 1/500. லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் இல்ல, பாடில இருக்குறது போதும்.

சத்தம் தான் பெரிய தலைவலி. ஆலாபனைல பாடகர் கீழ ஸ்தாயிக்கு இறங்கி மூச்ச அடக்கிட்டு நிக்கிறப்ப "கிளிக்"னு ஒரு சத்தம் வந்தா அந்த பாவம் ஏழேழு ஜென்மத்துக்கும் போகாது. சரின்னு சைலண்ட் ஷட்டர் போட்டா எல்இடி லைட்ல படம் முழுக்க பட்டை பட்டையா கோடு விழுது, சட்டை போட்ட வரிக்குதிரை மாதிரி. அது லென்ஸ் தப்பு இல்ல, பாடி சென்சார வரிவரியா படிக்கிறதுனால, லைட் அணைஞ்சு எரியுற வேகம் அதுல மாட்டிக்குது. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப் லைட் எல்லாம் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், அங்க 1/50 இல்ல 1/100-ல வச்சா தப்பிச்சுக்கலாம். டிம் பண்ற எல்இடிக்கு இந்த கணக்கு எடுபடாது, ஒவ்வொன்னும் ஒரு வேகம். அதனால நான் கண்டுபுடிச்ச வழி ரொம்ப சிம்பிள், ஆலாபனைல படமே எடுக்கறதில்ல. கேமராவ மடில வச்சுட்டு கேப்பேன். மெக்கானிக்கல் ஷட்டர கிருதில மட்டும், மிருதங்கம் வாசிக்கிறப்ப மட்டும், அடியோட அடியா அமுக்குவேன், சத்தம் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். பக்கத்துல இருந்த பாட்டி ஒரு தடவ "என்ன தம்பி, தாளத்துக்கு படம் புடிக்கிற"ன்னாங்க. எனக்கு கிடைச்சதுலயே பெரிய விருது அதான்.

இப்ப குறை. பெரிய குறைன்னே சொல்லணும். எஃப் 1.8-ல முழுசா திறந்து எடுத்தா வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவுல ஊதா கோடு விழும். மைக்கோட பளபளப்பு, மூக்குத்தி, வயலின் கம்பி எல்லாத்துலயும் லேசா வரும், ஆனா உச்சகட்டம் வெள்ளை வேட்டி. நம்ம கச்சேரில முக்கால்வாசி பேரு வெள்ளை வேட்டி, பின்னாடி கருப்பு திரை, மேல இருந்து நேரா லைட்டு, இந்த லென்ஸோட பலவீனத்த காட்டுறதுக்குன்னே யாரோ மேடை போட்ட மாதிரி இருக்கும். ஒரு வித்வான் படத்த பாத்துட்டு "நான் ஊதா பார்டர் வேட்டி கட்டலியே"ன்னாரு. எஃப் 2.8-க்கு வந்தா பெருமளவு குறைஞ்சிடும், ஆனா எஃப் 2.8-ல எடுக்கறதுக்கு எதுக்கு 1.8 லென்ஸ். சாஃப்ட்வேர்ல எடுக்கலாம், எடுக்குறேன், ஆனா ஊதா பட்டுப்புடவை கட்டுன அம்மா பக்கத்துல உக்காந்திருந்தா சாஃப்ட்வேர் அந்த பார்டரையும் சேர்த்து வெளுத்துடும்.

இன்னொன்னு, சமூக மன்ற மேடைல போடுற அந்த மஜந்தா எல்இடி. அதுக்கு எந்த லென்ஸும் மருந்து இல்ல. முகம் ஜெல்லி மாதிரி ஆயிடும், மூக்கு எங்க கன்னம் எங்கன்னு தெரியாது. நேரா கருப்பு வெள்ளைக்கு போயிடுங்க, அழுதுட்டு உக்காராதீங்க.

கருப்பு வெள்ளைன்னதும் ஞாபகம் வருது, நான் யார பாத்து கத்துக்கிட்டேன்னு அடிக்கடி கேக்குறாங்க. ஜாஸ்காரங்கள எடுத்த ஹெர்மன் லியோனார்ட் 1948-ல நியூயார்க் ராயல் ரூஸ்ட் கிளப்புல டெக்ஸ்டர் கார்டன எடுத்த படம் ஒன்னு இருக்கு, சாக்ஸஃபோன மடில வச்சுட்டு சிகரெட் புடிப்பாரு, பின்னாடி இருந்து வர்ற லைட்ல புகை மட்டும் ஃபிரேம் பாதிக்கு எழும்பி நிக்கும். வாசிக்கவே இல்ல அந்த படத்துல, ஆனா இசை கேக்கும். இங்க சிகரெட்டுக்கு எங்க போறது, ஹாலுக்குள்ள புடிச்சா ஃபைன் போடுவாங்க. ரொம்ப நாள் கழிச்சு தான் உறைச்சுது, நம்மகிட்ட சாம்பிராணி இருக்கே! கோயில்ல கேட்டு பெர்மிஷன் வாங்கிட்டு காலைல பூஜை நேரத்துக்கு போய் நின்னேன், மண்டபத்து பக்கவாட்டுல இருந்து வெயில் சாய்வா விழுது, நாதஸ்வரக்காரர் ஊதி முடிச்சு சீவாளிய, அதான் வாய் வச்சு ஊதுற முனைய, வாய்ல இருந்து எடுத்து சரி பண்றாரு, பின்னாடி சாம்பிராணி புகை அந்த வெயில்ல ஏறி வருது. நாதஸ்வரத்துல கட்டி தொங்க விட்டிருக்குற மத்த சீவாளிங்க எல்லாம் புகைக்கு முன்னாடி கருப்பா தெரியுது. எஃப் 2, 1/250, ஒரே படம். இந்த லென்ஸ் தன்னோட விலைய திருப்பி குடுத்தது அன்னிக்கு தான். தவில்காரர் விரல்ல மாட்டியிருந்த கூட்டையும் எடுத்தேன், அது ஃபோகஸ் தப்பிடுச்சு.

ஃபோகஸ் தப்புனதுன்னு சொன்னா போட்டோகிராஃபர் பென்னி ஸ்மித்த சொல்லாம விட முடியாது. 1979-ல நியூயார்க் பல்லேடியம்ல தி கிளாஷ் ராக் பேண்டோட பால் சிமனன் பேஸ் கிட்டார தரைல அடிச்சு உடைக்கிறத எடுத்தாங்க, அவரு கிட்ட வர்றாருன்னு பின்னாடி நகர்ந்துகிட்டே எடுத்ததுல படம் கொஞ்சம் அவுட் ஆஃப் ஃபோகஸ். இது வேணாம்னு அவங்களே சொல்லியும் பேண்ட் கேக்காம ஆல்பம் அட்டைல போட்டுச்சு, இன்னிக்கு ராக் இசை படங்கள்லயே ரொம்ப பேருக்கு தெரிஞ்சதுல அது ஒன்னு. நான் சொதப்புற ஒவ்வொரு தடவையும் இந்த கதைய எனக்கு நானே சொல்லிக்குவேன். என் சொதப்பல் வெறும் சொதப்பல்னு அடுத்த நாள் காலைல தெரிஞ்சிடும், அது வேற.

ஆனா மனசுக்கு நெருக்கமான போட்டோகிராஃபர்னா தயனிதா சிங் தான். அகமதாபாத்ல படிக்கிற பொண்ணு, தபலா ஜாகிர் உசேன் கச்சேரிய படம் எடுக்க போனாங்க, ஏற்பாட்டாளர் ஒருத்தர் தடுத்து தள்ளி விட்டதுல கீழ விழுந்துட்டாங்க. வெளிய வந்த ஜாகிர்கிட்டயே போய், இன்னிக்கு நான் மாணவி, ஒரு நாள் பெரிய போட்டோகிராஃபர் ஆவேன் அப்ப பாப்போம்ங்கிற மாதிரி சொன்னாங்களாம். அவரு கோவிச்சுக்கல, எடுக்க கூப்பிட்டாரு. அப்புறம் வருஷா வருஷம் குளிர்கால டூர்ல கூடவே பஸ்ல, கிரீன் ரூம்ல, வீட்லன்னு சுத்தி எடுத்தாங்க, 1986-ல புத்தகமா வந்துச்சு. 2022-ல போட்டோகிராஃபிக்கு குடுக்குற ஹாசல்பிளாட் விருதே வாங்கிட்டாங்க. 2024 டிசம்பர்ல ஜாகிர் உசேன் போனப்ப அந்த படங்கள திரும்ப பாத்துட்டு உக்காந்திருந்தேன், மேடைல வாசிக்கிறத விட மத்த நேரம் தான் எனக்கு கண்ணுல நிக்குது. அதுல இருந்து நான் அரை மணி முன்னாடி போய் கிரீன் ரூம் வாசல்ல நிக்க ஆரம்பிச்சேன். மிருதங்கக்காரர் ரவைய தண்ணில பிசைஞ்சு தொப்பில, அதான் இடது பக்க தோல்ல, ஒட்டி, தட்டி பாத்து, கொஞ்சம் கிள்ளி எடுத்து, திரும்ப ஒட்டி, காத சாய்ச்சு கேப்பாரு பாருங்க, அப்ப உலகத்துல வேற எதுவும் அவருக்கு கிடையாது. அந்த காது சாய்க்கிற முகம் கச்சேரில ரெண்டரை மணி நேரமும் தேடினா கூட கிடைக்காது. கிரீன் ரூம் டியூப் லைட்டு, 1/100, சுவத்துல சாய்ஞ்சு நின்னு மூச்ச புடிச்சுகிட்டு எடுக்கணும். 85 அங்க கொஞ்சம் நெருக்கடி தான், முதுகு கதவுல இடிக்கும்.

கேட்டா சிரிப்பீங்க, சீனங்களோட ஏழாம் மாசம், ஆவிகளுக்கான மாசம், அடுக்குமாடி புளோக்குக்கு கீழ கூடாரம் போட்டு நடக்குற கெத்தாய் பாட்டு மேடை கூட எனக்கு பாடம் தான். பாட்டு ஒரு வார்த்தை புரியாது. முன் வரிசை நாற்காலி எல்லாம் காலியா விட்டிருப்பாங்க, அது ஆவிகளுக்கு. நான் பின்னாடி நின்னு அந்த காலி சிவப்பு நாற்காலிய முன்னாடி மங்கலா வச்சு பாடுற பொண்ண எடுப்பேன். அத பாத்துட்டு தான் நம்ம கச்சேரிலயும் முன்னாடி இருக்குற தலைங்கள, ஆட்டுற கைங்கள, ஜடைல இருக்குற மல்லிப்பூவ எல்லாம் மறைக்குதேன்னு நகராம உள்ள சேர்த்துக்க ஆரம்பிச்சேன்.

தைப்பூசத்துக்கு இந்த லென்ஸ் வேண்டாம், அனுபவத்துல சொல்றேன். 1973-ல இருந்து ஊர்வலத்துல வாத்தியம் வாசிக்க தடை இருந்து 2016-ல வழியில குறிப்பிட்ட இடங்கள்ல மட்டும் வாசிக்க விட்டாங்க, அதனால அந்த இடங்கள்ல கூட்டம் நெருக்கும். உறுமில வளைஞ்ச குச்சிய தோல்ல தேய்க்கிறப்ப வர்ற அந்த உறுமல் நெஞ்சுல அதிரும், ஆனா பின்னாடி நகர இடம் இல்லாம 85-ல ஒரு காதும் பாதி குச்சியும் தான் வந்துச்சு. போதாக்குறைக்கு ஏசி எம்ஆர்டில இருந்து இறங்கி நேரா பெருமாள் கோயில் பக்கம் நடந்ததுல லென்ஸ் முழுக்க ஆவி புடிச்சு பத்து நிமிஷம் ஒன்னும் தெரியல. துடைச்சா திரும்ப வரும், துடைக்காம பையத் திறந்து வச்சுட்டு காத்திருக்கணும். அன்னிக்கு ஒரு 35 இருந்திருந்தா போதும்.

அப்ப யாரு வாங்கலாம். கேனன் பாடி இருக்கு, காசு கம்மி, கச்சேரில ஒரு இடத்துல உக்காந்தா எழுந்திருக்க முடியாது, பாட்டு கொஞ்சமாச்சும் காதுல ஏறும்னா வாங்குங்க. எஸ்பிளனேட்ல கலா உற்சவம் மாதிரி பெரிய ஹால் நிகழ்ச்சிய பின் வரிசைல இருந்து எடுக்கப்போறீங்கன்னா வீணா போகும், பாடகர் எறும்பு சைஸ்ல தான் தெரிவாரு, அங்க அந்த வெள்ளை பீரங்கி தான் வேணும், பாட்டிகிட்ட மன்னிப்பு கேட்டுக்குங்க. எங்கயும் முதல்ல எடுக்க விடுவாங்களான்னு கேட்டுட்டு போங்க, சில இடத்துல போனையே உள்ள வைக்க சொல்றாங்க. சோனிக்காரங்க, நிக்கான்காரங்க இத படிச்சிட்டு மாற வேண்டாம், உங்க கடைலயே 85 இருக்கு.

பழசு வாங்கினா டார்ச் எடுத்துட்டு போங்க. முன் மூடி 58 எம்எம், நான் இதுவரைக்கும் மூணு தொலைச்சாச்சு.

அஞ்சுக்கு நாலு குடுக்குறேன். அந்த ஒன்னு வேட்டிக்கு ஊதா பார்டர் போட்டதுக்கு.